ஓவர்ஹோல் செய்த எஞ்சினைச் சூடேற விடாமல் ரன்-இன் செய்வது: கொழும்பில் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எஞ்சினைப் பிரித்து, போர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி), புது பிஸ்டன் ரிங்கும் பெயரிங்கும் போட்டு, லேத்துக்கும் கராஜுக்கும் காசு கட்டி முடித்ததும் பலர் செய்கிற முதல் வேலை காரை வீட்டுக்குக் கொண்டுபோவது. அதுவும் பின்னேரம் ஐந்து மணிக்கு, காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து. புது எஞ்சினுக்கு இதைவிடக் கெட்ட பயணம் கிடையாது. அன்றைக்கே ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போகாவிட்டாலும், ரிங் ஒழுங்காக உட்காராமல் சில மாதத்தில் ஒயில் குடிக்கத் தொடங்கிவிடும்.

காரணம் இதுதான். லேத்தில் ஹோன் செய்த (கல்லால் தேய்த்த) சிலிண்டர் சுவரில் குறுக்கு மறுக்காக மெல்லிய கீறல்கள் இருக்கும். புது ரிங் அந்தச் சுவரோடு உரசி, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அதற்காக முதல் 1500 கி.மீ. பக்குவமாக ஓட்டுவதுதான் ரன்-இன். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது சிலிண்டருக்குள் எரிந்து விரியும் வாயுவின் அழுத்தம். அக்சலரேட்டரை மிதித்து எஞ்சினுக்கு வேலை கொடுத்தால்தான் அந்த அழுத்தம் வரும். சும்மா ஐட்லில் நிற்கும் எஞ்சினில் அழுத்தம் போதாது. கீறல்களுக்குள் ஒயில் கருகிப் படிந்து சுவர் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். அதன் பிறகு ரிங் உட்காராது, மறுபடி ஹோன் பண்ண வேண்டியதுதான். அதே நேரம் புதுப் பாகங்களின் உராய்வு அதிகம் என்பதால் முதல் சில மணி நேரம் எஞ்சின் வழமையைவிடக் கூடுதலாகச் சூடாகும். ஆகவே எஞ்சினுக்கு வேலையும் வேண்டும், ரேடியேட்டருக்குள் ஓடுகிற காற்றும் வேண்டும். கொழும்பு நெரிசலில் இரண்டுமே கிடைக்காது. கீழே சொல்வதெல்லாம் இந்தச் சிக்கலைச் சுற்றியதே.

எடுத்துக்காட்டாக டொயோட்டா கொரோலா 121, விட்ஸ் போன்றவற்றில் வரும் 1500 சி.சி. 1என்இசட் எஞ்சினின் அளவுகளைச் சொல்கிறேன். உங்கள் காருக்கு அதன் கைநூல் சொல்வதே கணக்கு.

1. எஞ்சின் காருக்குள் ஏறும் முன்: தாள்கள்

கராஜுக்கு விடும் முன்பே எஞ்சின் இலக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். பதிவுச் சான்றிதழில் இருக்கும் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

பில்லை மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: லேத் வேலை, பாகங்கள், கூலி. மொத்தமாக ஒரு தொகை எழுதிய துண்டு பிறகு எதற்கும் உதவாது. லேத் பில்லில் இந்த அளவுகள் இருக்க வேண்டும்:

- போர் எத்தனை ஓவர்சைஸ் (0.25 அல்லது 0.50 மி.மீ.), ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிஸ்டன் இடைவெளி
- ரிங் முனை இடைவெளி
- கிராங்க் கிரைண்ட் செய்தார்களா, பெயரிங் எந்த சைஸ்
- ஹெட் எவ்வளவு சீவப்பட்டது, வெடிப்புக்கு அழுத்தப் பரிசோதனை செய்தார்களா

இதில் ரிங் முனை இடைவெளியை விடாமல் கேளுங்கள். 75 மி.மீ. போருக்கு மேல் ரிங்கில் சுமார் 0.30 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. அளக்காமல் பெட்டியைத் திறந்து அப்படியே போட்டு, இடைவெளி குறைந்துபோனால், எஞ்சின் சூடானதும் ரிங்கின் இரு முனையும் முட்டிக்கொள்ளும். பிறகு அது சுவரைக் கிழிக்கும். எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அதைத் தடுக்க முடியாது.

உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை மாதம், எத்தனை கி.மீ., எது அடங்கும். ‘ஓவர்ஹீட் ஆனால் உத்தரவாதம் இல்லை’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதனால்தான் பின்னால் சொல்லும் வெப்பநிலைக் குறிப்பை முதல் நாளிலிருந்தே எழுதி வைக்க வேண்டும்.

பழைய புளொக்கை விட்டுவிட்டு ரீகண்டிஷன் எஞ்சின் வாங்கிப் போட்டிருந்தால் இலக்கம் மாறிவிடும். விற்றவரின் பில்லையும் இறக்குமதிச் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டர் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்றும்போது அவற்றைக் கேட்பார்கள். லீசிங்கில் உள்ள கார் என்றால் லீசிங் நிறுவனமே முழு உரிமையாளர். அவர்களின் கடிதமும் வேண்டும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

விலை அடிக்கடி மாறுவதால் அளவைச் சொல்கிறேன். இதைக் கொண்டுபோய்ப் பஞ்சிகாவத்தையில் இரண்டு மூன்று உதிரிப்பாகக் கடையில் விலை கேளுங்கள்.

மினரல் ஒயில் 12 லீற்றர். 1என்இசட்டுக்கு பில்டரோடு 3.7 லீற்றர் போகும். தொடக்கத்தில், 50 கி.மீ.இல், 500 கி.மீ.இல் என்று மூன்று தடவை ஊற்றப் போகிறோம்; 1500இல் போடும் ஒயிலும் பில்டரும் இந்தக் கணக்கில் இல்லை. 10டபிள்யூ-30 அல்லது 15டபிள்யூ-40 போதும். விலை கூடிய முழு சிந்தெடிக் இப்போதைக்கு வேண்டாம்: இரண்டு கிழமையில் வடித்து ஊற்றப் போகிற ஒயிலுக்கு அவ்வளவு காசு கொட்டத் தேவையில்லை. ஒயில் பில்டர் மூன்று. புது தேர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வ்), புது ரேடியேட்டர் மூடி, மேல் கீழ் ஹோஸ் இரண்டு, கிளிப்கள். கூலண்ட் 4 லீற்றர். பெட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் 10 லீற்றர். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு அலுமினிய ஹெட்டைத் தின்னும்.

கடைசியாக, ஓ.பி.டி. சொக்கட்டில் (காரின் கம்ப்யூட்டரை வாசிக்கும் இணைப்பு) குத்தித் தொலைபேசியோடு புளூடூத்தில் சேரும் சின்ன ரீடர்; எஞ்சினின் வெப்பநிலையை இதில்தான் பார்ப்போம். மலிவானதே போதும். பழைய கார் என்றால் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று.

தேர்மோஸ்டாட்டும் மூடியும் பில்டரும் போலி அதிகம் புழங்கும் பொருட்கள். அவற்றை மட்டுமாவது நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

பெற்றோலையும் கணக்கில் சேருங்கள். 1500 கி.மீ. ஓட வேண்டும், லீற்றருக்கு 12 கி.மீ. என்று வைத்தாலே 125 லீற்றர்.

3. தண்ணீர்ப் பாதையை முதலில் சரி செய்யுங்கள்

ஓவர்ஹோலுக்குப் பிறகு சூடேறும் எஞ்சின்களில் பலவற்றில் குறை எஞ்சினுக்குள் இருப்பதில்லை. அதைச் சுற்றியிருக்கும் பழைய சாமான்களில்தான் இருக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே இவற்றில் முடிந்தவற்றைப் பார்த்து முடியுங்கள்; எஞ்சின் ஓடினால்தான் தெரிபவற்றை முதல் ஓட்டத்தின்போது பாருங்கள்.

ரேடியேட்டர்: பழைய எஞ்சின் சூடேறித்தான் போனது என்றால், ரேடியேட்டரைக் கழற்றித் துப்புரவு செய்யாமல் திரும்பப் பூட்டாதீர்கள். செம்பு ரேடியேட்டர் என்றால் மேல் தாங்கியைக் கழற்றிக் குழாய்களைக் குத்தி எடுக்கலாம். பிளாஸ்டிக் தலை அலுமினியம் என்றால் அடைப்பு இருந்தால் மாற்றுவதே மேல். அதற்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரையும் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கையும் பாருங்கள். இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்தால்தான் தெரியும்: இலை, பூச்சி, பஸ் புகையின் கரி எல்லாம் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். காற்று அந்தக் கம்பளியைத் தாண்டிப் போகாது.

ஃபேன்: வயரை மாற்றிப் பூட்டினால் மின் ஃபேன் மறுபக்கம் சுற்றும். சுற்றும், சத்தமும் வரும், காற்று மட்டும் முன்பக்கம் அடிக்கும். ஃபேன் ஓடும்போது ஒரு தாளைக் கண்டென்சருக்கு முன்னால் பிடியுங்கள். தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால் மாற்றுங்கள். அது இல்லாமல் ஃபேன் ரேடியேட்டரின் நடுவிலிருந்து மட்டுமே காற்று இழுக்கும். வான்களில் வரும் பிசுபிசுப்பு ஒயில் கிளச் ஃபேன் என்றால், சூடான எஞ்சினை நிறுத்தியதும் ஃபேன் உடனே நிற்க வேண்டும். கையால் சுற்றும்போது இழுவை இருக்க வேண்டும். லேசாகச் சுழன்றுகொண்டே போனால் கிளச் முடிந்தது.

மூடி: மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அது அழுத்தம். 1.1 மூடி அழுத்தம் பிடித்தால் தண்ணீரின் கொதிநிலை 120 பாகை செல்சியஸ் வரை உயரும். ரப்பர் வெடித்த மூடி என்றால் 100இலேயே கொதித்துவிடும்.

தேர்மோஸ்டாட்: இதில்தான் நம்மூரில் மிகப் பெரிய தவறு நடக்கிறது. “கொழும்பு வெயிலுக்கு அது தேவையில்லை, கழற்றிவிட்டால் குளிராக ஓடும்” என்று சில பாஸ்மார் (மெக்கானிக்குகள்) சொல்வார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். 1என்இசட் போன்ற பல எஞ்சின்களில் தேர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். மெல்ல ஓடும்போது எஞ்சின் குளிராக இருக்கும், அதனால் கம்ப்யூட்டர் கூடுதல் பெற்றோலை ஊற்றும், அது சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்குள் (சம்ப்) இறங்கும். ஏற்றத்தில் மிதித்தாலோ சூடேறும். புது ரிங்குக்கு இரண்டுமே கேடு.

புதுத் தேர்மோஸ்டாட்டையும் சோதித்துத்தான் போட வேண்டும். வீட்டு அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீர். தேர்மோஸ்டாட்டின் வாயில் ஒரு நூலைக் கவ்வ வைத்து, சட்டியின் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் வெப்பமானி. 82 பாகையை ஒட்டி வாய் திறந்து நூலை விட்டு ‘டப்’ என்று கீழே விழும். 95 பாகையில் எடுத்துப் பார்த்தால் குறைந்தது 8 மி.மீ. திறந்திருக்க வேண்டும். பூட்டும்போது தட்டில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி மேல் பக்கம் வரட்டும்; காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான்.

கட்டலிட்டிக் கொன்வேட்டர்: பழைய எஞ்சின் நீண்ட காலம் ஒயில் எரித்திருந்தால் சைலன்சர் வழியிலுள்ள இந்தத் தேன்கூடு அடைத்திருக்கும். புகை வெளியேற முடியாமல் புது எஞ்சினும் சூடேறும், இழுவையும் இருக்காது. எஞ்சினை 2500 ஆர்.பி.எம்.இல் பிடித்துக்கொண்டு வாக்யூம் கேஜைப் பாருங்கள். ஊசி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு.

4. ஸ்டார்ட் பண்ணும் முன்: ஒயிலை மேலே ஏற்றுதல்

பூட்டி முடித்த எஞ்சினின் ஒயில் பம்ப் காய்ந்திருக்கும். பெயரிங்குக்கு ஒயில் போகாமல் ஐந்து விநாடி ஓடினாலும் கிராங்கில் கோடு விழும்.

பிளக் நான்கையும் கழற்றுங்கள். கொயில் இணைப்பையும் இஞ்ஜெக்டர் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பில்டரில் முடிந்தளவு ஒயில் ஊற்றிப் பூட்டுங்கள். இப்போது ஸ்டார்ட்டரை 10 விநாடி சுற்றி, 30 விநாடி ஓய்வு கொடுத்து, மறுபடி 10 விநாடி. டாஷ்போர்டில் ஒயில் விளக்கு அணையும் வரை இப்படியே. அணைந்த பிறகும் இரண்டு தடவை சுற்றுங்கள். ஆறேழு தடவை சுற்றியும் அணையாவிட்டால் மேலே போக வேண்டாம். பம்ப் காற்றை இழுக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒயில் விளக்கை மட்டும் நம்புவதும் போதாது. அழுத்தம் அநேகமாக இல்லாமல் போன பிறகுதான் அது எரியும். விளக்கின் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு மெக்கானிக்கல் கேஜைப் பூட்டி முதல் நாள் ஓடவிடும்படி பாஸிடம் கேளுங்கள். ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.க்கும் 10 பி.எஸ்.ஐ. என்பது கராஜ்களில் வழங்கும் கணக்கு. சூடான எஞ்சின் 3000இல் 30க்கு மேல் காட்டினால் நிம்மதி.

5. தண்ணீர் நிரப்பிக் காற்றை எடுத்தல்

முதல் ஓட்டத்துக்குக் கூலண்ட் வேண்டாம், காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். கஸ்கட்டில் எங்காவது கசிந்து ஒயிலோடு கலந்தால், கூலண்டில் உள்ள கிளைக்கோல் பெயரிங்கைக் கெடுக்கும்; வெறும் தண்ணீரை வடித்துவிடலாம். ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வெறும் தண்ணீரில் விடாதீர்கள்.

காரின் மூக்கை உயர்த்தி நிறுத்துங்கள், முன் சில்லுகள் இரண்டும் ரேம்பில் ஏறினால் போதும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள். கொழும்பில் ஹீட்டர் யாருக்கும் தேவைப்படாததால் பல கார்களில் அந்த ஹோஸைச் சுருக்கி ஒன்றோடொன்று பூட்டியிருப்பார்கள். அப்படியென்றால் அந்த வளைவு உயரமாக நின்று காற்றைப் பிடித்து வைக்கும். முடிந்தால் ஹீட்டரைத் திரும்ப இணையுங்கள். சூடேறும் நேரத்தில் அது உங்களுக்கு இரண்டாவது ரேடியேட்டர்.

மெல்ல ஊற்றுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து விடுங்கள். ரேடியேட்டர் வாயில் குமிழி வருவது நின்று மட்டம் இறங்காமல் நிற்கும் வரை. ரிசேர்வ் டாங்கியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் தண்ணீர் இருக்கட்டும்.

2009க்குப் பிந்திய பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட்களில் தண்ணீர் பம்ப் மின்சாரத்தில் ஓடும். அவற்றில் ஸ்கேனர் வைத்துப் பம்பை ஓடவிட்டுக் காற்று எடுக்கத் தெரிந்த இடத்தில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

6. முதல் 20 நிமிடம்

கராஜில் ஒரு பெரிய மின்விசிறியைக் காரின் முன்னால் வைத்து ஓடவிடுங்கள். ரேடியேட்டர் மூடி திறந்திருக்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லில் விடாமல் 1500க்கும் 2000க்கும் இடையில் ஏற்றி இறக்கிப் பிடியுங்கள். 5கே போன்ற பழைய புஷ்ராட் எஞ்சின் என்றால், புது கேம் போட்டிருந்தால், 2000 தொடக்கம் 2500 வரை முழு 20 நிமிடமும் வைத்திருக்க வேண்டும். ஐட்லில் கேமுக்கு ஒயில் தெறிக்காது.

சைலன்சரில் வெள்ளைப் புகையும் நீலப் புகையும் வரும். பூட்டும்போது பூசிய ஒயில் எரிகிறது. அரை மணி நேரத்துக்குள் குறைய வேண்டும்.

தண்ணீர் சூடாகி மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸ் சூடானதைத் தொடர்ந்து கீழ் ஹோஸும் சூடாக வேண்டும். ரீடர் 95ஐத் தாண்டியும் கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீர் போல இருந்தால் காற்று அடைத்திருக்கிறது, அல்லது தேர்மோஸ்டாட் திறக்கவில்லை. உடனே நிறுத்துங்கள். எல்லாம் சரியென்றால் மூடியைப் பூட்டி, ஃபேன் இரண்டு தடவை தானாக ஓடி நிற்கும் வரை பாருங்கள்.

ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. அதை உறுதி செய்ய நீல நிறத் திரவம் உள்ள சோதனைக் குழாய் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து இழுத்தால் மஞ்சளாகும். மஞ்சளானால் கார் வீதிக்குப் போகக் கூடாது, ஹெட் திரும்பக் கழல வேண்டும்.

எஞ்சினை அணைத்து முழுதாகக் குளிர விடுங்கள், ஓரிரவு என்றால் நல்லது. காலையில் தண்ணீர் மட்டம், ஒயில் மட்டம், கசிவு பாருங்கள். ஹெட் போல்ட்டைத் திரும்ப இறுக்குவது பழைய வகைக் கஸ்கட்டுக்கு மட்டும். பாகைக் கணக்கில் இறுக்கும் போல்ட் உள்ள எஞ்சினில் யாரும் ஸ்பனர் வைக்கக் கூடாது. 1என்இசட் அந்த வகைதான்.

7. முதல் 50 கிலோமீற்றர்

ரிங் உட்காருவதும் உட்காராததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகும். நேரத்தை நன்றாகத் தேர்ந்தெடுங்கள். காலை 7 தொடக்கம் 9 வரை வேலைக்கூட்டம், பகல் ஒன்றரைக்குப் பாடசாலை வான்கள், பின்னேரம் நாலரை தொடக்கம் 7 வரை திரும்ப நெரிசல். மழை பெய்தால் கணக்கே இல்லை. விடிய 5 மணிக்குப் புறப்படுங்கள். கராஜ் நகருக்குள் என்றால் காரை முதல் நாள் இரவு அங்கேயே விட்டுவிட்டு விடிய வந்து எடுக்கக் கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

அதிவேக நெடுஞ்சாலைக்கு முதல் நாளே ஏறாதீர்கள். அங்கே ஒரே வேகத்தில்தான் போக நேரும், நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. பேலியகொடையைத் தாண்டி நீர்கொழும்பு வீதியோ, கடுவெல பக்கமாக அவிசாவளை வீதியோ விடியப்புறத்தில் பொருத்தம்.

ஏ.சி. வேண்டாம். காரில் ஒருவர் அல்லது இருவர் மட்டும். எஞ்சின் சூடானதும் இப்படிச் செய்யுங்கள்: மூன்றாம் கியரில் 40இலிருந்து 65 வரை, அக்சலரேட்டரைப் பாதிக்குச் சற்று மேலே மிதித்து ஏற்றுங்கள். பிறகு காலை முழுதாக எடுத்து, கியரிலேயே 40க்கு இறங்க விடுங்கள். மிதிக்கும்போது ரிங் சுவரோடு அழுந்தும்; காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒயில் மேலே இழுபட்டு உராய்ந்த தூளைக் கழுவும். பத்துப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓரிரு நிமிடம் சாதாரணமாக ஓட்டுங்கள். ஓட்டோ கியர் என்றால் ஓவர்டிரைவை அணைத்துவிட்டு இதையே செய்யலாம். காலை எடுக்கும் முன் கண்ணாடியில் பின்னால் யாராவது ஒட்டி வருகிறார்களா என்று பாருங்கள். பிரேக் விளக்கு எரியாமலே உங்கள் கார் மெதுவாகும்.

உயர்ந்த கியரில் குறைந்த வேகத்தில் இழுக்க விடாதீர்கள். வேகத்தை விடப் புது எஞ்சினை அதிகம் வருத்துவது இந்த முக்கல்தான்.

8. எதைப் பார்க்க வேண்டும், ஏறினால் என்ன செய்ய வேண்டும்

டாஷ்போர்டு ஊசியை நம்பாதீர்கள். பல ஜப்பான் கார்களில் 80 பாகையானாலும் 100 பாகையானாலும் ஊசி நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது அசையும்போது நேரம் போய்விட்டிருக்கும். புதிய சிறிய கார்களில் ஊசியே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும். ரீடரில் பாருங்கள்:

- 85–96: வழமை. ஃபேன் 93ஐ ஒட்டி ஓடத் தொடங்கி, ஓடியதும் இறங்க வேண்டும்.
- 98–102: கவனம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் ஃபேனையும் கூட்டி, கண்ணாடிகளை இறக்குங்கள். நெரிசலை விட்டு விலகுங்கள்.
- 105: ஓரம் கட்டி அணையுங்கள். “அடுத்த சந்தியில் நிறுத்தலாம்” என்று நினைக்கக் கூடாது.

திடீரென்று எண் கீழே விழுந்தாலும் நிறுத்துங்கள். தண்ணீர் வடிந்து போனால் சென்சர் காற்றில் நின்றுகொண்டு குறைவாகக் காட்டும். எஞ்சின் அப்போதுதான் எரிந்துகொண்டிருக்கும்.

அணைத்த பின் பொனட்டைத் திறந்து வையுங்கள், மூடியைத் தொடாதீர்கள். முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். 110ஐத் தாண்டியிருந்தால் டோ பண்ணித்தான் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒயிலை மாற்றி, கம்ப்ரெஷன் (சிலிண்டர் பிடிக்கும் அழுத்தம்) பார்த்த பிறகே மறுபடி ஓட்டம்.

ஒரு சின்னக் கொப்பியில் தேதி, கி.மீ., அன்றைய உச்ச வெப்பநிலை, காலையில் பார்த்த தண்ணீர் மட்டம், ஒயில் மட்டம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். ரிசேர்வ் டாங்கியில் கிழமைக்குக் கிழமை மட்டம் இறங்கினால், வெளியே கசிவு தெரியாவிட்டாலும் எங்கோ போகிறது. உத்தரவாதப் பேச்சு வந்தாலும் கையில் இருக்கும் சான்று அந்தக் கொப்பிதான்.

9. முதல் ஒயில் மாற்றமும் பில்டரை வெட்டிப் பார்ப்பதும்

50 கி.மீ. முடிந்ததும் சூட்டோடு ஒயிலை வடியுங்கள். “புது ஒயில்தானே, 1000 வரை ஓடட்டும்” என்று சொன்னால் கேட்காதீர்கள். ரிங் உரசிய இரும்புத் தூளில் பெரும் பங்கு இந்த முதல் ஒயிலில்தான் இருக்கும்.

பழைய பில்டரின் கூட்டை வெட்டித் திறந்து, உள்ளேயிருக்கும் மடிப்புத் தாளை உருவி, ஒயிலைப் பிழிந்து வெயிலில் விரியுங்கள். மடிப்புகளில் வெள்ளிப் பெயின்ட் பூசியது போல மெல்லிய மினுக்கம் இருந்தால் நல்லது, ரிங் உட்காருகிறது. விரலில் தட்டுப்படும் துகள் இருக்கக் கூடாது. காந்தத்தில் ஒட்டும் செதில் இரும்பு. ஒட்டாத வெள்ளைச் செதில் பிஸ்டனின் அலுமினியமாக இருக்கலாம். செம்பு நிறத்தில் மினுங்கினால் பெயரிங்கின் மேல் பூச்சு போய் அடித்தட்டு தெரிகிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் தாளோடு கராஜுக்குப் போங்கள்.

தண்ணீரையும் இப்போதே வடித்து, கூலண்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஏற்கெனவே கலந்து விற்கும் கூலண்டில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். காற்று எடுக்கும் வேலை மறுபடி முதலிலிருந்து.

10. 50 தொடக்கம் 1500 கி.மீ. வரை

500 வரை 3500 ஆர்.பி.எம்.ஐத் தாண்ட வேண்டாம், வேகம் 80க்குள். ஒரே வேகத்தில் பத்து நிமிடம் போகாதீர்கள். ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 200 தாண்டியதும் காலை மாலை ஏ.சி. போடலாம். நெரிசலில் சிக்கினால் அணைத்துவிடுங்கள். 500இல் இரண்டாவது ஒயில் மாற்றம்.

500க்குப் பிறகு 4000 ஆர்.பி.எம். வரை, இடையிடையே சில விநாடி முழு மிதி. கொட்டாவையிலிருந்து அத்துருகிரிய, கடுவெல வழியாகக் கடவத்தைக்குப் போகும் வெளிச்சுற்று நெடுஞ்சாலை இப்போது உதவும்: இறங்கும் வாய்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கடுகண்ணாவை ஏற்றமும் நுவரெலியா வீதியும் 1000க்குப் பிறகு.

ஒரு தவறை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஓவர்ஹோல் முடிந்த கையோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்படுவது. நல்லூர்த் திருவிழாவுக்கென்றே அவசரமாக எஞ்சின் வேலை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ 400 கி.மீ., ஆட்கள் நிறைய, கூரையில் சாமான், இரவு முழுக்க ஒரே வேகம், ஏ.சி. நிற்காமல். புது எஞ்சினுக்கு எவையெல்லாம் ஆகாதோ அவை அத்தனையும் ஒரே இரவில் கூடிவிடும். திருவிழாவுக்குப் போக வேண்டுமென்றால் குறைந்தது ஆறு கிழமைக்கு முன் வேலையை முடியுங்கள். கொழும்புக்குள் வேலைக்கு மட்டும் ஓடுபவருக்கு 1500 கி.மீ. முடிய அவ்வளவு காலம் ஆகும்.

11. புகைப் பரிசோதனையை எப்போது வைப்பது

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். ரிங் உட்காரும் முன் போனால் ஒயில் எரிவதால் பெற்றோல் காரில் ஹைட்ரோகார்பன் கூடித் தோற்கலாம். டீசல் என்றால் இன்னும் மோசம்: அந்தப் பரிசோதனையில் அக்சலரேட்டரை அடிவரை மிதித்து எஞ்சினை அதன் உச்ச வேகத்துக்குப் பல தடவை ஏற்றுவார்கள், சுமையில்லாமல். 1000 கி.மீ. ஓடாத டீசல் எஞ்சினை அதற்குக் கொடுக்கவே கூடாது. பத்திரம் காலாவதியாகும் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் ஓவர்ஹோலுக்கு நாள் குறியுங்கள். தேதி நெருங்கிவிட்டால், பழைய எஞ்சின் புகைப் பரிசோதனையில் தேறும் நிலையிலிருந்தால், பிரிக்கும் முன்பே சான்றிதழை எடுத்துவிடுங்கள்.

1500இல் மூன்றாவது ஒயில் மாற்றம். அன்றைக்கே கம்ப்ரெஷன் பாருங்கள்: எஞ்சின் சூடாக, பிளக் நான்கும் வெளியே, அக்சலரேட்டர் முழுதாக மிதித்து. 1என்இசட்டில் புது எஞ்சினுக்கு 15 கி.கி./ச.செ.மீ., குறைந்தபட்சம் 11; நான்கு சிலிண்டருக்கும் இடையே வேறுபாடு 1ஐத் தாண்டக் கூடாது. வால்வ் இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு. கிடைத்த எண்களை லேத் பில்லின் பின்பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, பாஸிடம் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள்.